ரசீது உள்ளவை

ஐயாயிரம் டாலர். அதுவும் கைக்கு வராது.
முதலில் செலவழியுங்கள், ரசீது அனுப்புங்கள்,
அறுபது நாளில் திருப்பித் தருகிறோம் என்கிறது கடிதம்.
நூலகத்தின் நிலவறையில் கொதிகலன் இருமிக்கொண்டிருக்க
எட்டு மடக்கு நாற்காலி, ஆறு பேர்.
நான் பொருளாளர். தீவனக் கடையில்
முப்பது வருடம் கணக்கெழுதியவன்,
வேறு யார் தலையில் விழும் இது?

நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
குற்றம் என்றால் டிராக்டர் பேட்டரி களவு.
காதில் விழும்படி அதைத்தான் பேசுவோம்.

"துண்டறிக்கையில் முதல் வரி என்ன?" என்றார் தலைவர்.
டார்லீன் வெர்ப்கா கை தூக்கவில்லை, பேசத் தொடங்கினாள்.
குடித்துவிட்டு அவள் மகள்மீது வண்டியேற்றியவன்
வெளியே வந்த தேதியை
அவளுக்கு எவரும் சொல்லவில்லை.
பெட்ரோல் பங்கில் வரிசையில் அவளுக்கு முன்னால்
சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு நின்றான்.
போகும்போது அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டான்.
"நன்றி என்று சொல்லிவிட்டேன்," என்றாள்.
"பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.
அந்த நன்றியைத் திரும்ப வாங்க
எந்த அலுவலகத்துக்குப் போவது?"

கொதிகலன் நின்றுபோயிற்று.
யாரோ குறித்துக்கொண்டார்:
தகவல் பெறுவது உங்கள் உரிமை.

நெடுஞ்சாலை விளம்பரப் பலகைக்கு மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
ஒட்டிலியா வேண்டாம் என்றாள்.
இறைச்சி ஆலையில் இரவு முறை, குவாத்தமாலா மலைக்காரி.
"இது தேவைப்படுகிறவர்கள்
அண்ணாந்து பார்த்து நடப்பதில்லை."
ஆகவே சலவைக் கடைச் சுவர், கழிப்பறைக் கதவு,
அடியில் கத்தரித்த காகித விழுதுகள்,
ஆளுக்கொன்று உரித்துக்கொள்ள ஒரு தொலைபேசி எண்.
தன் தாய்மொழியில் எழுத
ஒரு சொல்லுக்காக ஊருக்கு அழைத்தாளாம்.
சொல்லைத் தராமல் அம்மா கேட்டது:
அங்கே உனக்கு என்ன நடந்தது?

வரி எண் ஏழு, சிற்றுண்டி: அனுமதியில்லை.
சிவப்பு மையில் அடித்துத் திருப்பினார்கள்.
டார்லீன் கசகசா வைத்த கொலாச்சி சுட்டுவந்தாள்.
மாவு, வெண்ணெய், கசகசா ரசீதுகளை நான்
"அச்சுச் செலவு" என்பதில் ஒளித்துவைத்தேன்.
முப்பது வருடத்தில் முதல் பொய்க்கணக்கு.

ஏப்ரல் சேற்றில் தாள்களோடு அலைந்தோம்.
சாயம் உரியுமா என்றார் சலவைக் கடைக்காரர்.
மாட்டு ஏலக் கொட்டகையின் ஆண்கள் கழிப்பறை வீண் என்றார்கள்.
அங்கும் ஒன்று இருக்கட்டும் என்றது நான்.
ஏன் என்று எவரும் கேட்கவில்லை, அதற்கு நன்றி.

மாதக் கடைசியில் படிவம் கேட்கிறது:
எத்தனை பேரைச் சென்றடைந்தீர்கள்?
கிழிந்த இடங்களை எண்ணினேன்.
ஆலை, பதினொன்று.
சலவைக் கடை, ஏழு.
மருத்துவமனை, இரண்டு.
ஏலக் கொட்டகை

அங்கே ஒன்று குறைகிறது.
அது என் பணப்பையில்,
ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் இருக்கிறது.
எனக்குப் பதினொரு வயதானபோது
அந்தக் கதவின் உள்பக்கம்
மாட்டு ஏலத் தேதி மட்டும் ஒட்டியிருந்தது.
பூஜ்யம் என்று எழுதினால் பொய்.
ஒன்று என்று எழுதப் பேனா வரவில்லை.
கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன்.

ஜூலையில் காசோலை வந்தது,
நாற்பத்தொரு டாலர் குறைவாக.
கசகசாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.
வாகன நிறுத்தத்தில் டார்லீனிடம்
என் கையிலிருந்து கொடுக்கப் பையைத் திறந்தேன்.
நோட்டுகளோடு அதுவும் வந்து விழுந்தது.
குனிந்து எடுத்தாள். எண்ணைப் பார்த்தாள்.
அவளே அச்சகத்தில் சரிபார்த்த எண்.

ஒன்றும் கேட்கவில்லை.
எழுத்து உள்ளே வரும்படி
இரண்டாக மடித்து
என் சட்டைப் பையில் வைத்தாள்.
பிறகு நோட்டுகளை எண்ணி
ஒரு டாலர் அதிகம் என்று திருப்பித் தந்தாள்.